சாடியில் கிடந்த எலுமிச்சை விதைகளும் ஒரு மீன்தொட்டி மோட்டாரும்

2023 ஆகஸ்ட் மாதத்தில், புளியங்குடிக்கு அருகில் உள்ள அத்தை வீட்டுப் புறவாசல் எலுமிச்சை மரத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட பழங்களைப் பறித்துச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். மெல்லிய தோலும் நிறைந்த சாறும் கொண்ட பழங்கள் அவை. மரம் ஒரு பக்கமாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்ததால், அதன் வாரிசுகளாகச் சிலவற்றையாவது மடிப்பாக்கத்து வீட்டு மாடியில் வளர்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். பழங்கள் ஊறுகாயாகவும் சாறாகவும் தீர்ந்த பிறகு கையில் நின்றவை ஏறத்தாழ 290 விதைகள். அவற்றை அந்த வாரமே விதைத்திருந்தால், உலர்ந்த எலுமிச்சை விதைகளை முளைக்கவைக்க நான் பட்ட பாட்டைச் சொல்லும் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. மகளின் பிரசவத்துக்காக நாங்கள் பெங்களூருவுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. திரும்பி வர நவம்பர் இறுதியாகிவிட்டது.

புறப்படும் அவசரத்தில் விதைகளை இரண்டாகப் பிரித்தேன். 60 விதைகளைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தேன். மீதமிருந்த 230ஐ இரண்டு நாள் செய்தித்தாளில் பரப்பி, கைக்குக் கலகலவென்று உலர்ந்ததும் ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்தேன். அத்தையிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஏல, எலுமிச்சை வெதைய நெல்லு மாதிரி காயப் போடுவாவளா? சாம்பல்ல பெரட்டி, நெழல்ல ஆறவிட்டு, ஒரு வாரத்துல மண்ணுல போட்டுரணும்" என்றார். நான் அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அறிவியலும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

நெல், கத்தரி, வெண்டை போன்றவற்றின் விதைகள் உலர உலர நீண்ட நாள் உயிர்தாங்குபவை. மா, பலா, ரப்பர் போன்றவற்றின் விதைகள் உலர்ந்தால் செத்துவிடும். விதைகளை இப்படி இரண்டு குணங்களாகப் பிரித்துப் பெயரிட்டவர் ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலேய விதையியலாளர், ஆண்டு 1973. எலுமிச்சைக் குடும்பத்தை வெகுகாலம் இரண்டாம் வகையில் சேர்த்துவைத்திருந்தார்கள். ஆனால் 1981இல் அதே ராபர்ட்ஸும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வு, உலர்த்திய எலுமிச்சைக் குடும்ப விதைகள் பலவும் இறந்துவிடுவதில்லை, அவை முளைப்பதற்கு மிகத் தாமதமாவதால் இறந்ததாகக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டன என்று காட்டியது. இச்செய்தியை நான் முன்பே அறிந்திருந்தால் ஒரு தொட்டி மண்ணை வீணே கொட்டியிருக்க மாட்டேன். அந்தக் கதை சற்றுப் பின்னால் வருகிறது.

டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின் மழையில் எங்கள் தெரு இடுப்பளவு நீரில் நின்றது. மின்சாரம் நான்கு நாட்கள் இல்லை. வீட்டிலிருந்த பாலும் மாவும் கெட்டதைப் பற்றிக் கவலைப்பட்ட எங்களுக்கு விதைப்பையின் நினைவு ஐந்தாம் நாள்தான் வந்தது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பூசணம் பிடித்துச் சாம்பல் நிறமாக இருந்தன. அதற்கு நடுவே 19 விதைகள் வெள்ளை வேர் நீட்டிக்கொண்டிருந்தன. குளிர் நீங்கியதும், ஏற்கெனவே நீரேறியிருந்த விதைகள் தாமே விழித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கழுவி அன்றைக்கே சிறு கோப்பைகளில் நட்டேன், 15 பிழைத்தன. இந்த முறையில் சேமிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஈரமாகவும் குளிராகவும் வைப்பதே எலுமிச்சை விதைக்குச் சரியான சேமிப்பு, சில மாதங்களுக்கு அது நன்றாகவே தாங்கும். ஆனால் பழச்சதையும் சர்க்கரையும் சிறிதும் ஒட்டாதபடி கழுவியிருக்க வேண்டும். துணியைப் பிழிந்தால் சொட்டு விழாத அளவுக்குத்தான் ஈரம் இருக்க வேண்டும். உறைநிலைப் பகுதியின் அருகில் வைக்கவே கூடாது. மாதம் ஒரு முறையாவது பையைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்த என் மகன் அப்பையைப் புதினா என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்.

இனிச் சாடியின் கதை. உலர்ந்த விதையை ஊறவைத்தால் முளைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். டிசம்பர் கடைசியில் 20 விதைகளை ஒரு டம்ளர் ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டு மூடி வைத்தேன். எல்லாம் மிதந்தன. மிதப்பவை பொக்கு என்று கேள்விப்பட்டிருந்தும், இவை மூழ்கும்வரை காத்திருப்போம் என்று மூன்று நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் டம்ளரைத் திறந்தபோது எழுந்த நாற்றம் பழைய மோரையும் அழுகிய முட்டைக்கோசையும் கலந்தது போலிருந்தது. அவற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பயந்துபோய், தை மாதத்தில் 60 விதைகளை எந்த நேர்த்தியும் செய்யாமல் நேரடியாகத் தொட்டியில் விதைத்தேன். 40 நாட்களில் முளைத்தவை 11. மற்றவை செத்துவிட்டன என்று முடிவு செய்து, நாற்றுகளைப் பிரித்தெடுத்துவிட்டு மண்ணைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் கொட்டினேன். மூன்று வாரம் கழித்து அங்கே கறிவேப்பிலைக்குச் சம்பந்தமில்லாத இலைகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன்: 14 எலுமிச்சைக் கன்றுகள்.

அந்தக் கன்றுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு, காலை நடையில் பழக்கமான நண்பர் ஒருவரிடம் காட்டினேன். விதைச் சான்றளிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். நான் மூன்று நாள் ஊறவைத்த கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "சார், நீங்க ஊறவைக்கல, மூழ்கடிச்சுட்டீங்க. விதைக்கு மூச்சு இருக்கு. தண்ணிக்குள்ள மூணு நாள் மூச்சுப் பிடிக்கச் சொன்னா எப்படி?" என்றார். பிறகு மரத்தடி சிமெண்டு பெஞ்சில் அமர்ந்து அவர் விளக்கியதுதான் இந்த முயற்சி முழுவதற்கும் அடிப்படையானது.

உலர்ந்த விதை நீரை மூன்று கட்டமாக ஏற்கிறது. முதற்கட்டத்தில் காய்ந்த பஞ்சைப் போல வேகமாக உறிஞ்சும். இது செத்த விதையிலும் நடக்கும். இரண்டாம் கட்டத்தில் எடை அதிகம் ஏறாது. ஆனால் உள்ளே சிதைந்த சவ்வுகளும் மரபுப் பொருளும் சரிசெய்யப்படுவதும், சேமித்த உணவைக் கரைக்கும் நொதிகள் உருவாவதும் அப்போதுதான். மூன்றாம் கட்டத்தில் வேர் வெளியே வந்து, விதை மீண்டும் வேகமாக நீர் இழுக்கும். இரண்டாம் கட்டம் வரை கொண்டுபோய், மூன்றாவது தொடங்கும் முன் நிறுத்துவதே பிரைமிங். அதற்கு இப்பெயர் பரவக் காரணமானவர் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஹைடெக்கர். உப்பு அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்றவற்றின் கரைசலால் விதைக்குள் நீர் செல்லும் அளவைக் கட்டுப்படுத்தலாம் என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் 1973இல்தான் வந்தது. நம் ஊரில் நாற்றங்காலுக்கு நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி மூட்டம் போடுவதும் இதன் உறவினர்தான். மானாவாரிப் பயிர்களின் விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தும் 'விதைக் கடினப்படுத்துதல்' இன்னும் நெருங்கிய உறவினர்.

இதைக் கேட்டதும் எனக்கு இரண்டு விஷயங்கள் தெளிவாயின. நான் முதல் முறை தோற்றது, விதைக்கு நீர் பற்றாததால் அல்ல, காற்று பற்றாததால். சென்னையின் 30 டிகிரி வெப்பத்தில், மூடிய டம்ளர் நீரில் கரைந்திருக்கும் சிறிதளவு உயிர்வளியை விதையும் நுண்ணுயிர்களும் போட்டி போட்டுத் தீர்த்துவிடுகின்றன. அடுத்ததாக, உலர்ந்த விதைகள் மிதந்தது பொக்கு என்பதால் அல்ல. எலுமிச்சை விதைக்கு இரண்டு உறைகள் உண்டு: வெளியே மரத்தன்மையுள்ள தந்த நிறத் தோல், உள்ளே காகிதம் போன்ற பழுப்புத் தோல். உலரும்போது உள்பருப்பு சுருங்கி இவற்றுக்கிடையே காற்று தங்கிவிடுகிறது; காற்றுள்ள விதை மிதக்கத்தானே செய்யும்? புதிதாக எடுத்த விதைக்கு மிதப்புச் சோதனை பயன்படலாம், உலர்ந்த விதைக்கு அதை நம்பி எதையும் எறியாதீர்கள்.

காற்றுக்கு வழி கொளத்தூரில் கிடைத்தது. அங்குள்ள வண்ணமீன் கடைகளில் ஒன்றில் சிறிய காற்று மோட்டாரும் குமிழிக் கல்லும் வாங்கினேன். கடைக்காரர் எத்தனை மீன், எந்த மீன் என்று விசாரித்தார். எலுமிச்சை விதைக்கு என்று சொல்லத் துணிவில்லாமல் கப்பி மீன் என்று சொல்லிவிட்டேன். தண்ணீரையும் மாற்றினேன். எங்கள் கிணற்று நீரை உப்புமானியில் அளந்தபோது 1,400க்கு மேல் காட்டியது. எலுமிச்சைக் குடும்பமோ உப்பைத் தாங்காத குடும்பம். உப்பு நீர் வளர்ந்த மரத்தையே வாட்டும் என்றால் விதைக்கு அது நீரை இழுக்கவே தடையாகிறது. ஆகவே ஊறவைக்கக் குடிநீர்க் கேனிலிருந்து எடுத்த நீரையே பயன்படுத்தினேன். மழைநீர் சேமிப்பு உள்ளவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம்.

2024 பங்குனியில், சாடியில் ஏழு மாதம் கிடந்த விதைகளிலிருந்து 125ஐ எடுத்து, 25 வீதம் ஐந்தாகப் பிரித்தேன். முதல் பங்குக்கு எதுவும் செய்யவில்லை. இரண்டாவது, காற்றுக் குமிழி ஓடும் வெறும் நீரில். மூன்றாவது, 1 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உப்புக் கரைசலில். இது உரக்கடைகளில் 13:0:45 என்று கிடைக்கும் நீரில் கரையும் உரம்தான், ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம். நான்காவது, பயிர் வளர்ச்சி ஊக்கியான ஜிப்ரெல்லிக் அமிலத்தின் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கரைசலில். ஐந்தாவது, வெளித்தோலை உரித்து, குறைந்த நேரம் வெறும் நீரில்.

ஜிப்ரெல்லிக் அமிலம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறு செய்ய எளிதான இடம் அது. திராட்சைத் தோட்டங்களுக்காக விற்கப்படும் இந்தத் தூள் நீரில் நேரடியாக எளிதில் கரையாது. ஒரு கிராம் தூளைச் சில மில்லி ஸ்பிரிட்டில் முழுவதும் கரைத்து, பிறகு ஒரு லிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்தால் 1,000 பிபிஎம் கரைசல் வரும். அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி நீர் சேர்த்தால் 100 பிபிஎம். பத்தில் ஒரு கிராமை எடைபோடும் தராசு இல்லாத வீட்டில் இந்த இரண்டு படிக் கணக்குதான் கைகொடுக்கும். தூள் கலப்பில் தூய அமிலம் எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் போட்டிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கரைத்ததை வாரக்கணக்கில் வெளியே வைத்துப் பயன்படுத்தக் கூடாது. நம் வெப்பத்தில் வீரியம் குறைந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்பதை நான் நகைத் தராசை வைத்து முடிவு செய்தேன். இரண்டு மணிக்கொரு முறை விதைகளை எடுத்து, துணியில் ஒற்றி, எடை பார்த்தேன். முதல் எட்டு மணி நேரத்தில் எடை வேகமாக ஏறியது. பிறகு ஏற்றம் தளர்ந்து, பதினான்காம் மணிக்குமேல் தராசின் எண் அசையவே இல்லை. இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டது என்பதற்கு வீட்டில் கிடைக்கக்கூடிய சாட்சி இதைவிட வேறில்லை. ஆகவே வெறும் நீருக்கும் அமிலத்துக்கும் 18 மணி நேரமும், உப்புக் கரைசலில் நீர் மெதுவாக ஏறுவதால் அதற்கு 24 மணி நேரமும் கொடுத்தேன். ஊறப்போடும் முன் இன்னொன்றும் செய்தேன்: விதைகளை ஒரு வடிகட்டியில் பரப்பி, அடியில் நீருள்ள பாத்திரத்தின் மேல் வைத்து, மூடி போட்டு ஓரிரவு விட்டேன். நன்றாகக் காய்ந்த விதை திடீரென்று நீரில் விழுந்தால் அதன் சவ்வுகள் ஒழுங்காக ஒன்றுசேர்வதற்கு முன்பே உள்ளிருப்பவை வெளியே கசிந்துவிடும்; ஈரக்காற்றில் முதலில் தணியவிட்டால் அந்த அதிர்ச்சி குறையும். மார்கழியில் டம்ளர் நீர் பழுப்பாகிக் கலங்கியதையும், இம்முறை அது கிட்டத்தட்டத் தெளிவாகவே இருந்ததையும் கண்ணால் பார்த்த பிறகு இந்த ஓரிரவை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை.

ஊறி முடிந்ததும் நெல் அல்லது சோளம் போலப் பழைய ஈரத்துக்கு உலர்த்திவிடக் கூடாது என்பது நண்பர் வற்புறுத்திச் சொன்னது. உலர்வதை நன்றாகத் தாங்காத குணமுள்ள விதையை மீண்டும் ஒருமுறை காயவைப்பது, காய்ச்சலில் எழுந்தவரை மறுபடி மழையில் நிறுத்துவது போன்றது. நான் மின்விசிறிக் காற்றில், பருத்தித் துணிமேல், மேற்பரப்பின் நீர் மட்டும் வற்றும்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்து, உடனே விதைத்தேன். பிரைமிங் செய்த விதையைச் சேமித்து வைக்கலாம் என்ற ஆசை வேண்டாம்; பாதி தூரம் ஓடிவிட்ட விதைக்கு ஆயுள் குறைவு.

தோல் உரிப்பதில் முதலில் ஐந்தாறு விதைகளைக் காயப்படுத்தினேன். விதையின் கூர்முனையில்தான் வேர்முளை இருக்கிறது. நகவெட்டியால் அந்த நுனியைக் கடித்தால் வேரையே கடித்துவிடுவோம். அகன்ற முனையில் அல்லது விளிம்பு மேட்டில் சிறு கீறல் போட்டு, அங்கிருந்து நகத்தால் தூக்கினால் வெளித்தோல் ஓடுபோலக் கழன்றுவிடும். இரண்டு மணி நேரம் ஊறிய பிறகு உரித்தால் இன்னும் எளிது. பழுப்பு உள்தோலை முழுவதும் நீக்குவது வேகத்தைக் கூட்டுகிறது, ஆனால் பூசணத்துக்கு விருந்து வைப்பது போலாகிறது. நான் உள்தோலை விட்டுவிட்டு, கெட்ட பூசணங்களை அடக்கும் நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி தூளில் லேசாகப் புரட்டி விதைத்தேன். இங்கே ஒரு குறிப்பு: மரத்தடியில் விழுந்த பழத்திலிருந்து எடுத்த விதையானால், பைட்டோப்தோரா என்னும் அழுகல் நோயை நீக்க 52 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வைப்பது நாற்றங்கால்காரர்களின் நெடுநாள் வழக்கம். என் விதைகள் பறித்த பழத்தில் இருந்து வந்தவை. ஏழு மாதம் கிடந்து தளர்ந்த விதையை வெந்நீரில் இடவும் மனம் வரவில்லை. அதனால் அதைச் செய்யவில்லை.

விதைத்த ஊடகம், தென்னை நார்க்கழிவும் ஆற்றுமணலும் சமபங்கு. நார்க்கழிவுக் கட்டியை மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டேன். அதிலுள்ள உப்பைப் போக்காமல், ஊறவைக்கும் நீரை மட்டும் கேனிலிருந்து வாங்கிப் பயனில்லை. ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர். குளிர்நாடுகளில் விதைத் தட்டுக்கு அடியில் சூடேற்றும் விரிப்பு வைக்கிறார்கள். மடிப்பாக்கத்தில் பங்குனியில் நமக்குத் தேவை நேர்மாறானது. 25 முதல் 30 டிகிரி வரை இவ்விதைகளுக்கு உகந்தது. மொட்டை மாடித் தரையின் சூடோ மதியத்தில் காலை வைக்க விடாது. ஐந்து தட்டுகளையும் மாடிப்படியின் கீழே, வெளிச்சம் நேராக விழாத மூலையில் வைத்தேன். எறும்புக்காகத் தட்டுகளைத் தண்ணீர்க் கிண்ணங்களின் மேல் நிறுத்த வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். உரித்த விதைகளில் முதல் முளை எட்டாம் நாளே தலைகாட்டியது. 30 நாளில் 18 முளைத்தன, ஆனால் அவற்றில் 4 கழுத்தழுகிச் சாய்ந்தன. அமிலத்தில் ஊறியவை பன்னிரண்டாம் நாள் தொடங்கி, 30 நாளில் 16 ஆயின. காற்றோட்டமுள்ள வெறும் நீரில் ஊறியவை பதினைந்தாம் நாள் தொடங்கி, 30 நாளில் 14, 45 நாளில் 16. பொட்டாசியம் நைட்ரேட் பங்கில் 30 நாளில் 12, 45 நாளில் 14. எதுவும் செய்யாத பங்கில் 30 நாளில் 5, 45 நாளில் 9. அவை அதன் பிறகும் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தன. 25 விதைகள் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை; 16க்கும் 14க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வைத்து உப்பைவிட நீர் மேல் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஊறியவற்றுக்கும் ஊறாதவற்றுக்கும் உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிந்தது, அந்தத் தூரம் நாளாக நாளாகக் குறைந்துகொண்டே வந்ததும் தெரிந்தது. பிரைமிங் செய்த பெரிய வேலை, முளைக்கும் விதைகளின் எண்ணிக்கையைக் கூட்டியதைவிட, அவை முளைக்க எடுத்த நாட்களைக் குறைத்ததுதான். ஈரமண்ணில் 60 நாள் கிடப்பதைவிட 15 நாள் கிடக்கும் விதைக்குப் பூசணத்திடமும் அணிலிடமும் தப்ப வாய்ப்பு அதிகம் என்பதால், வேகமே எண்ணிக்கையாகவும் மாறுகிறது.

அமிலத்தில் ஊறியவை பற்றி ஒரு மனக்குறை உண்டு. அவை மற்றவற்றைவிட உயரமாக, மெலிந்து, காற்றுக்குச் சாய்ந்தபடி வளர்ந்தன. 1926இல் குரோசாவா என்னும் ஜப்பானிய ஆய்வாளர், நெற்பயிரைத் தென்னைபோல் நெடிதாக வளரவைத்துச் சாய்த்துவிடும் நோய்க்குக் காரணம் ஒரு பூசணம் சுரக்கும் பொருளே என்று காட்டினார். அந்தப் பொருள்தான் பின்னாளில் ஜிப்ரெல்லின் ஆனது. அதை நினைத்தால் என் நாற்றுகளின் போக்கில் வியப்பில்லை. இரண்டு மாதத்தில் அவை சமநிலைக்கு வந்துவிட்டன என்றாலும், மூன்று நாள் முந்துவதற்காக ஒரு பொட்டலம் தூளும் ஸ்பிரிட்டும் அளவைக் கணக்கும் தேவையா என்று கேட்டால், வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. மீன்தொட்டி மோட்டாரும் ஒரு கேன் தண்ணீரும் போதும். பொறுமை உள்ளவர்கள் தோலையும் உரிக்கலாம்.

எண்ணும்போது ஒரு கண்ணி உண்டு, நானும் முதலில் அதில் விழுந்தேன். எலுமிச்சை விதையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். ஒரு விதையிலிருந்து இரண்டு, மூன்று நாற்றுகள் எழும். இதை 1719இலேயே லீவன்ஹூக் ஆரஞ்சு விதையில் கண்டு குறித்திருக்கிறார். நாற்றுகளை எண்ணினால் 25 விதையில் 28 முளைத்தன என்று பெருமைப்பட்டுக்கொள்ள நேரிடும்; விதைத்த குழியைத்தான் எண்ண வேண்டும். இக்கருக்களில் ஒன்று மகரந்தச் சேர்க்கையால் ஆனது. மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே பிறந்தவை, தாயின் அச்சு. எங்கள் நோக்கம் அத்தை வீட்டு மரத்தையே திரும்பப் பெறுவது என்பதால், ஒத்த உயரமும் ஒத்த இலையும் உள்ள நாற்றுகளை வைத்துக்கொண்டு, உருவம் மாறிய அல்லது குட்டையான ஒற்றைகளை நீக்கினேன். நார்த்தைக்கும் பம்பளிமாசுக்கும் இந்த வசதி கிடையாது. அவற்றின் விதையில் கரு ஒன்றுதான், அதன் கன்று தாயைப்போல இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவற்றை விதையில் சேமிக்க நினைப்பவர்கள் பதியனோ ஒட்டோ நாடுவதே நல்லது.

நான்கு இலை வந்ததும் நாற்றுகளைத் தனிப் பைகளுக்கு மாற்றினேன். அக்னி நட்சத்திரத்தில் பச்சை நிழல்வலையின் கீழ் வைத்தும் ஏழெட்டு கருகின. ஆடியில் எட்டுக் கன்றுகளைப் புளியங்குடிக்கு அனுப்பினேன். அத்தை இரண்டைப் பழைய மரத்தருகே நட்டு, மீதியைத் தெருவில் கொடுத்துவிட்டார். விதைக்கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் என் மாடிக் கன்றுகள் பூத்தனவா என்று கேட்கத் தவறுவதில்லை.

சாடியில் கடைசியாக 25 விதைகள் மிஞ்சியிருந்தன. 2024 டிசம்பரில், விதை எடுத்துப் பதினாறு மாதம் ஆன பிறகு, அவற்றுக்கும் ஈரக்காற்று, காற்றோட்டமுள்ள நீர், 18 மணி நேரம் என்று அதே வரிசையில் அத்தனையும் செய்தேன். இம்முறை நீர் இரண்டாம் மணியிலேயே கலங்கத் தொடங்கியது. ஊறி முடிந்ததும் ஐந்தைக் கத்தியால் பிளந்து பார்த்தேன்: நல்ல எலுமிச்சைப் பருப்பு வெண்மையாகவோ இளம்பச்சைச் சாயலோடோ அழுத்தமாக இருக்க வேண்டும், நான்கில் அது தேன்மெழுகு நிறத்தில் குழைந்திருந்தது. மற்ற 20ஐயும் விதைத்து, கறிவேப்பிலைச் செடி கற்பித்த பாடத்தை மறக்காமல் 90 நாள் தட்டைக் கொட்டாமல் காத்தேன். ஐம்பத்திரண்டாம் நாள் ஒன்றே ஒன்று முளைத்தது. சாடியைக் கழுவி மிளகு போட்டு வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு புளியங்குடியிலிருந்து வந்த பழங்களின் விதைகளைச் சாறு பிழிந்த அன்று மாலையே விதைத்துவிட்டேன்.